உப்பு கேட்டு அழுத சிறுவன்: 1940-இல் பதிவான ஒரு நிகழ்வு

1940-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் மூன்றே பக்கத்தில் ஒரு நிகழ்வு அறிக்கை வெளியானது. எழுதியவர்கள் இருவர். ஒருவர் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் லாசன் வில்கின்ஸ். மற்றவர் அதே நிறுவனத்தில் எலிகளின் பசியையும் நடத்தையையும் ஆராய்ந்துகொண்டிருந்த கர்ட் ரிக்டர். அறிக்கை ஒரு மூன்றரை வயதுச் சிறுவனைப் பற்றியது. அது அச்சில் வந்தபோது அவன் உயிரோடு இல்லை.

உடல் தன் உள்நிலையை எப்படி மாறாமல் வைத்துக்கொள்கிறது என்று கேட்டால் பாடப்புத்தகம் சொல்லும் உதாரணங்கள் நமக்குத் தெரியும். வெயிலில் வியர்வை, குளிரில் நடுக்கம், சாப்பிட்டதும் இன்சுலின். எல்லாமே தோலுக்குள் நடந்து முடிகிற வேலைகள், நம் விருப்பத்தைக் கேட்காமல் நடப்பவை. இந்தச் சிறுவனிடம் அந்த வேலையின் ஒரு பகுதி சாப்பாட்டுத் தட்டில் நடந்தது. அதை அவனே தன் கையால் செய்துகொண்டிருந்தான். யாரும் தீங்கு நினைக்காமலேயே அது ஒரு வாரம் நின்றுபோனது. அந்த ஒரு வாரத்தை அவனால் தாண்ட முடியவில்லை.

சிறுவனின் வரலாறு

அவனை மருத்துவமனையில் சேர்த்த காரணம் உப்பு அல்ல. மூன்றரை வயதிலேயே பருவமடைந்த பையனுக்குரிய அறிகுறிகள் அவன் உடலில் தெரியத் தொடங்கியிருந்தன. மருத்துவர்களின் கவனம் இயல்பாகவே அதன்மேல் இருந்தது. உப்பு விஷயம் அவனுடைய பெற்றோர் எழுதிய கடிதத்தில்தான் விரிவாக வருகிறது. இந்த அறிக்கையை மறக்க முடியாததாக ஆக்குவதும் அந்தக் கடிதம்தான்.

ஒரு வயது வாக்கில் அவன் உப்பு பிஸ்கட்டின் மேலிருக்கும் உப்பை மட்டும் நக்கிவிட்டு இன்னொன்று கேட்க ஆரம்பித்தான். அப்போது பேச்சு வரவில்லை. தனக்கென்று வைத்திருந்த சில ஒலிகளாலும் சைகையாலும் கேட்பான். பிஸ்கட்டை மென்று உப்பு இறங்கியதும் மீதியைத் துப்பிவிடுவான். பேக்கன் என்ற உப்பிட்ட பன்றி இறைச்சி கொடுத்தாலும் அதே கதைதான். விழுங்குகிற அளவுக்குப் பிடித்த உணவு எதுவென்று பெற்றோர் தேடிக்கொண்டிருந்த நாட்களில் உப்புக் குடுவை அவன் கைக்குப் போனது. தட்டில் கொட்டி, விரலால் தொட்டுத் தொட்டுத் தின்றான். அதிலிருந்து ஒவ்வொரு வேளையும் குடுவை இருக்கும் அலமாரியைக் காட்டி அழுதான். மறைத்து வைத்தாலும் விடவில்லை.

18 மாதத்தில் சில சொற்கள் வந்தன. முதலில் வந்தவற்றில் ஒன்று உப்பு. அவனுக்கு ரொம்பப் பிடித்தவை எல்லாமே உப்புப் பண்டங்கள் என்பதைப் பெற்றோர் கவனித்திருந்தார்கள்: பிரெட்ஸெல், உருளைக்கிழங்கு வறுவல், ஆலிவ், ஊறுகாய், உப்பிட்ட கானாங்கெளுத்தி. காய்கறியையும் கூடுதல் உப்பு போட்டால் சாப்பிடுவான். சமையலில் சேர்த்தது போக, தனியாக மட்டும் நாளுக்கு ஒரு தேக்கரண்டி அளவு தின்றான். தேக்கரண்டி என்றால் ஐந்து ஆறு கிராம். வளர்ந்தவர்களுக்கே நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

குழந்தை உப்பு கேட்டு அழுதால் எந்தப் பெற்றோரும் முதலில் மறுக்கத்தான் செய்வார்கள். இவர்களும் தயங்கினார்கள். ஆனால் உப்பு இல்லாமல் அவன் சாப்பிடவே மறுத்ததால் விட்டுக்கொடுத்தார்கள். அவன் மூன்றரை வயதுவரை வந்ததற்கு அந்த விட்டுக்கொடுப்பே காரணம் என்று வில்கின்ஸும் ரிக்டரும் முடிவுசெய்தார்கள்.

வார்டில் ஏழு நாள்

மருத்துவமனையில் அவனுக்கு வார்டின் வழக்கமான உணவு தரப்பட்டது. அதில் குறை எதுவும் இல்லை. மற்ற குழந்தைகள் அதைச் சாப்பிட்டு உடம்பு தேறி வீட்டுக்குப் போனார்கள். இவனுக்குத் தனி உப்பு மட்டும் கிடைக்கவில்லை. ஏழு நாளில் இறந்துவிட்டான்.

உடலைத் திறந்து பார்த்தபோது கோளாறு அட்ரினல் சுரப்பிகளில் இருந்தது. சிறுநீரகங்களின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் சின்னஞ்சிறு சுரப்பிகள் இவை. வளர்ந்தவர்களிடமே ஒவ்வொன்றும் நாலைந்து கிராம்தான் இருக்கும். அவனிடம் ஆண் ஹார்மோன் சுரக்கும் பகுதி பெருத்திருந்தது, இயல்பான புறணித் திசு, அதாவது சுரப்பியின் வெளி அடுக்கு, மிகக் குறைந்திருந்தது. சீக்கிரம் வந்த பருவ அறிகுறி, தீராத உப்பு ஆசை, திடீர் மரணம் என்று தனித்தனியாகத் தெரிந்த மூன்றும் இந்த ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

சிறுநீரகத்தின் கணக்கு

ஒரு சுரப்பி பழுதானால் உப்பு ஏன் உயிர்ப் பிரச்சினையாகிறது என்பதற்குச் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்க்கிற யாருக்கும் கொஞ்சம் திகைப்பு வரும்.

வளர்ந்த ஒருவரின் சிறுநீரகங்கள் நாளுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. இரத்தத்தில் பிளாஸ்மா என்ற திரவப் பகுதி இருப்பதே சுமார் 3 லிட்டர். அப்படியானால் அதே திரவம் ஒரு நாளில் 60 தடவை வடிகட்டிக்குள் போய் வருகிறது. ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் உப்பின் ஒரு கூறான சோடியம் 135 முதல் 145 மில்லிமோல் (பொருளின் அளவைச் சொல்லும் வேதியியல் அலகு). 180 லிட்டருக்குப் பெருக்கினால் சுமார் 25,000 மில்லிமோல். சமையலறைக் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ உப்பு. நாம் ஒரு நாளில் தின்பதோ பத்து கிராம் வாக்கில்.

இந்த ஒன்றரைக் கிலோவில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்ப இரத்தத்துக்கே இழுக்கப்படுகிறது. சிறுநீரக நுண்குழாயின் முதல் பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடும். அடுத்து வரும் வளைவில் கால் பங்கு. இந்தப் பெரிய வேலைக்கு அட்ரினல் சுரப்பியின் உத்தரவு தேவையில்லை. குழாயின் கடைக்கோடியில், கடைசி இரண்டு மூன்று சதவீதத்தில்தான் ஆல்டோஸ்டீரோன் என்ற அட்ரினல் ஹார்மோன் வருகிறது. அது இருந்தால் அந்த மிச்சமும் திரும்பும். இல்லாவிட்டால் சிறுநீரில் போகும்.

இரண்டு மூன்று சதவீதம் என்றால் அற்பமாகத் தோன்றும். ஒன்றரைக் கிலோவில் இரண்டு சதவீதம் 30 கிராம் உப்பு, அதில் சோடியம் மட்டும் சுமார் 12 கிராம். உடலில் இருக்கும் மொத்த சோடியமே 100 கிராம் அளவுதான். ஆல்டோஸ்டீரோன் அடியோடு இல்லாமல் போனால் ஒரே நாளில் அதில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்குவரை வெளியேறிவிடலாம் என்று உடலியங்கியல் நூல்கள் கணிக்கின்றன. பெரும் பங்கைக் கண்மூடித்தனமாக இழுத்துவிட்டு, கடைசித் துளியில் மட்டும் கூட்டிக் குறைப்பது உடலின் வழக்கம். அதனால்தான் அந்தக் கடைசித் துளியைக் கவனிக்கிற ஹார்மோன் போனால் எல்லாமே போகிறது.

இந்த ஹார்மோனை அழைப்பதும் சிறுநீரகமே. இரத்த ஓட்டம் குறைவதை உணர்ந்ததும் அது ரெனின் என்ற நொதியை விடுகிறது. ரெனின் கல்லீரல் தரும் ஒரு புரதத்தை வெட்ட, சில படிகளில் ஆஞ்சியோடென்சின் உருவாகிறது. அது அட்ரினலைத் தூண்டுகிறது. அட்ரினல் ஆல்டோஸ்டீரோனை விடுகிறது, உப்பு திரும்புகிறது, கூடவே நீரும் திரும்புகிறது, இரத்த ஓட்டம் சரியாகிறது, ரெனின் அடங்குகிறது. ஒரு முழுச் சுற்று.

இந்தச் சுற்று ஒழுங்காக இருந்தால் உடல் எவ்வளவு குறைந்த உப்பிலும் வாழும் என்பதற்கு அமேசான் காட்டின் யனோமாமி மக்களே சாட்சி. அவர்கள் உணவில் உப்பு சேர்ப்பதில்லை. ஒரு நாள் முழுவதும் அவர்கள் சிறுநீரில் போகும் சோடியம் ஒரு மில்லிமோல் அளவுதான், சில அளவீடுகளில் அதற்கும் கீழே. அவர்கள் இரத்தத்தில் ஆல்டோஸ்டீரோன் மிக அதிகம். உழைக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், பாலூட்டுகிறார்கள். அவர்கள் தின்பதைவிடப் பல மடங்கு உப்பு பால்டிமோர் வார்டின் சாப்பாட்டில் இருந்திருக்கும். அந்தச் சிறுவனுக்கு அது போதவில்லை. ஓட்டைக் குடத்தில் நீர்மட்டம் குறையாமல் இருக்க எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதை ஓட்டைதான் தீர்மானிக்கிறது, பக்கத்துக் குடத்துக்கு எவ்வளவு போதும் என்பது அல்ல.

சுரப்பியில் எங்கே அடைப்பு

வில்கின்ஸ் அந்த அறிக்கையை எழுதிய காலத்தில் ஆல்டோஸ்டீரோன் என்று ஒன்று இருப்பதே தெரியாது. சில்வியா சிம்ப்சன், ஜேம்ஸ் டைட் ஆகிய இருவரும் சுவிட்சர்லாந்து வேதியியலாளர்களோடு சேர்ந்து அதைப் பிரித்தெடுத்தது 1953-இல். இன்று அந்த அறிக்கையை வாசிக்கிற மருத்துவர்கள் அந்தச் சிறுவனுக்குப் பிறவியிலேயே அட்ரினல் பெருத்துப்போகிற நோய், அதிலும் உப்பை இழக்கிற வகை, இருந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள்.

அட்ரினலின் புறணி மூன்று வகைப் பொருட்களை ஒரே மூலத்திலிருந்து, கொலஸ்டிராலிலிருந்து, செய்கிறது. உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டீரோன், நெருக்கடியில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தாங்கும் கார்ட்டிசால், மூன்றாவதாக ஆண் ஹார்மோன்கள். முதல் இரண்டுக்கும் 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி வேண்டும். மூன்றாவதற்கு வேண்டாம். இந்த நோயில் பெரும்பாலும் பழுதாவது அந்த நொதிதான்.

இரத்தத்தில் கார்ட்டிசால் இறங்கினால் மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனைக் கூடுதலாக அனுப்பி அட்ரினலை முடுக்கும். கார்ட்டிசால் ஏறியதும் தானாக அடங்கும். சமநிலை காக்க அமைந்த ஏற்பாடு இது. இங்கே கார்ட்டிசால் ஏறுவதே இல்லை. அதனால் முடுக்குதல் நிற்பதில்லை, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தொடர்கிறது. அட்ரினல் பெருக்கிறது, மூலப்பொருளை மேலும் மேலும் இழுக்கிறது. அது போக வேண்டிய வழி அடைபட்டிருப்பதால் திறந்திருக்கும் ஒரே வழியில், ஆண் ஹார்மோன் பக்கமாகப் பெருகுகிறது. மூன்றரை வயதில் பருவ அறிகுறி வந்தது இப்படித்தான்.

பெற்றோரைக் கவலைப்படுத்தி மருத்துவமனைக்கு அழைத்து வந்த அறிகுறியை உண்டாக்கியதே உடலின் சமன்செய்யும் முயற்சிதான். எந்தக் கோளாறும் இல்லாமல் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்த பிட்யூட்டரி, பதில் வராததால் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. உடலின் சமநிலையைப் பற்றிப் பேசும்போது அதை எப்போதும் நல்லதே செய்கிற அறிவாகப் புகழ்வது வழக்கம். சுற்றில் ஒரு கண்ணி அறுந்தால் அதே ஏற்பாடு நோயை வளர்க்கவும் செய்யும்.

எலிகள் முன்பே காட்டியது

கர்ட் ரிக்டர் இந்த நிகழ்வுக்குள் வந்தது தற்செயல் அல்ல. 1936-இல் அவர் எலிகளின் அட்ரினல் சுரப்பிகளை அகற்றிவிட்டு ஒரு சோதனை செய்திருந்தார். சாதாரணத் தீனியும் நீரும் மட்டும் கிடைத்த எலிகள் சில நாட்களில், மிஞ்சிப்போனால் சில வாரங்களில், இறந்தன. நீரோடு 3 சதவீத உப்புக் கரைசலும் தனிக் குடுவையில் வைத்தபோது எலிகள் அந்தக் கரைசலைத் தேடிப்போய்க் குடித்தன. முன்பு குடித்ததைவிடப் பல மடங்கு குடித்தன, உயிரோடும் இருந்தன. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எதை எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதை எலியே கண்டுகொண்டது.

பிரெஞ்சு உடலியங்கியலாளர் கிளாட் பெர்னார் 19-ஆம் நூற்றாண்டில் உடலின் அகச்சூழல் மாறாமல் இருப்பதைப் பற்றி எழுதினார். அமெரிக்க உடலியங்கியலாளர் வால்டர் கேனன் 1920-களில் அதை விரிவாக்கி, நரம்பும் சுரப்பியும் சேர்ந்து அதை எப்படிக் காக்கின்றன என்று காட்டினார். ரிக்டர் அதன்மேல் ஒன்று சேர்த்தார். உள்ளே இருக்கும் ஏற்பாடு தோற்றால் விலங்கு தன் நடத்தையால் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். சூடு போதாத எலி கூட்டுக்குக் கூடுதலாகத் தாள் சேர்க்கும். உப்பு நில்லாத எலி உப்பைத் தேடும். ஆசையும் பசியும் சமநிலையின் கருவிகள் என்பது அவர் வாதம். எலிகளில் அதைக் கண்டவருக்கு, மனிதக் குழந்தை ஒன்று அதையே தன்னந்தனியாகச் செய்து மூன்று ஆண்டு தாக்குப்பிடித்திருக்கிறது என்று தெரிந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஆசை எங்கே பிறக்கிறது

அந்த எலிகளின் சுவை நரம்புகளை ரிக்டர் துண்டித்தபோது அவற்றின் உப்பு நாட்டம் போய்விட்டது, எலிகளும் இறந்தன. எனவே உப்புக் குறைந்ததும் நாக்கின் உணர்திறன் கூடி, மிகக் குறைந்த உப்பும் நாக்குக்குத் தெரிகிறது என்று அவர் விளக்கினார். நியாயமான ஊகம்தான், ஆனால் நிற்கவில்லை. 1950-இல் கார்ல் பாஃப்மனும் ஜான் பேரும் சுவை நரம்பின் மின்சாரத் துடிப்பை நேரடியாக அளந்தார்கள். அட்ரினல் இல்லாத எலிக்கும் இருக்கும் எலிக்கும் நாக்கிலிருந்து போகும் சேதி ஒரே அளவு உப்பில்தான் தொடங்கியது. நாக்கு மாறவில்லை, அந்தச் சேதியை மூளை வரவேற்கும் விதம் மாறியிருந்தது.

பிறகு வந்த ஆய்வுகள் இன்னும் தெளிவாக்கின. உப்பு குறையும்போது உருவாகும் ஆஞ்சியோடென்சின் அட்ரினலுக்கு மட்டும் போவதில்லை, மூளைக்கும் போகிறது. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே பொதுவாக இருக்கும் தடுப்பு சில சின்னஞ்சிறு பகுதிகளில் இல்லை. அங்கே ஆஞ்சியோடென்சின் நேராகத் தொட்டு, தாகத்தையும் உப்பு நாட்டத்தையும் கிளப்புகிறது. அட்ரினல் பதில் தராத உடலில் இந்த ஹார்மோன் உச்சத்திலேயே நிற்கும். அந்தச் சிறுவனின் மூளைக்கு இந்தத் தூண்டுதல் பகலும் இரவும் ஓயாமல் வந்துகொண்டிருந்திருக்கும். அவன் அழுதது பிடிவாதத்தால் அல்ல.

இதிலிருந்து உடல் கேட்பதெல்லாம் உடலுக்குத் தேவை என்ற முடிவுக்குப் போகக் கூடாது. இரத்தசோகை உள்ள பெண்கள் பச்சரிசியும் விபூதியும் சிலேட்டுக் குச்சியும் தின்பதை நம் ஊரில் பார்த்திருப்போம். இரும்புச்சத்து குறைவுக்கும் இந்தப் பழக்கத்துக்கும் தொடர்பு உண்டு, ஆனால் பச்சரிசி தின்றால் இரும்பு ஏறிவிடாது. வேறு சிலர் ஐஸ் கட்டியைக் கடித்துக்கொண்டே இருப்பார்கள், அதில் இரும்பே இல்லை. அந்த ஆசைகள் குறைவை அறிவிக்கின்றன, தீர்ப்பதில்லை. குறைந்த பொருளையே தேடிப்போய் ஈடுசெய்கிற நாட்டம் உப்புக்கும் நீருக்கும் தெளிவாக இருக்கிறது. மற்ற சத்துகளில் அது மங்கல்.

உப்பிலும்கூட ஆசை எப்போதும் தேவையைக் காட்டாது. ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் பிடித்துப்போனது பழக்கம், பத்தியம் இருக்க வேண்டிய இரத்த அழுத்தக்காரருக்கும் அது பிடிக்கத்தான் செய்யும். உண்மையாகவே உப்பு குறைந்தவரிடம் ஆசை எழாமலும் போகலாம். 1930-களில் இங்கிலாந்தில் ராபர்ட் மெக்கேன்ஸ் தன்னையும் சில தன்னார்வலர்களையும் உப்பில்லாச் சாப்பாட்டில் வைத்து வியர்க்க வைத்து உப்புக் குறைவை உண்டாக்கினார். களைப்பு, தசைப்பிடிப்பு, சாப்பாட்டில் ருசியின்மை வந்தன. அட்ரினல் செயலிழந்த பெரியவர்களிலும் உப்பு ஆசையைச் சொல்பவர்கள் ஒரு பகுதியினரே. எல்லா நோயாளியிடமும் இது வராது. வந்தால் அதைத் தள்ளிவிடவும் கூடாது.

அந்த ஒரு வாரத்தில் உடலுக்குள்

இப்படிப்பட்ட நோயாளிக்கு உப்பு வரத்து குறைந்தால் என்ன நடக்கும் என்பது இப்போது நன்றாகத் தெரியும். சிறுநீரில் சோடியம் போகும்போது நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. இரத்தத்தின் கொள்ளளவு சுருங்குகிறது. இங்கே உடலுக்கு இரண்டு கடமைகள் மோதுகின்றன. இரத்தத்தின் அடர்த்தியைக் காப்பதா, கொள்ளளவைக் காப்பதா? சோடியம் நீர்த்துப்போயிருக்கும்போது கூடுதல் நீரை வெளியேற்றினால் அடர்த்தி சரியாகும். ஆனால் கொள்ளளவு ஆபத்தான அளவுக்கு இறங்கினால் உடல் அடர்த்தியைக் கைவிட்டுவிடும். நீரைப் பிடித்துவைக்கும் வாசோபிரெசின் ஹார்மோன் சுரந்துகொண்டே இருக்கும். விளைவாக இரத்தத்தின் சோடியம் அளவு மேலும் நீர்த்து இறங்கும். இரத்த ஓட்டம் நின்றால் சில நிமிடத்தில் சாவு, சோடியம் நீர்த்தால் கொஞ்சம் அவகாசம் உண்டு. உடலின் முன்னுரிமை இதுதான்.

அதே நேரம் பொட்டாசியம் எதிர்த்திசையில் ஏறுகிறது. ஆல்டோஸ்டீரோன் சோடியத்தை உள்ளே இழுக்கும் அதே இடத்தில் பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. அது இல்லாவிட்டால் பொட்டாசியம் தேங்கும். இரத்தத்தில் அது லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் என்ற குறுகிய எல்லைக்குள் இருக்க வேண்டும். ஆறு, ஏழு என்று ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம். பொட்டாசியம் ஏறுவதை உணர்த்த நமக்குப் பசியோ தாகமோ இல்லை. எந்தக் குழந்தையாலும் அதைச் சொல்லிக் கேட்க முடியாது. சிறுவன் தின்ற உப்பு இந்த ஆபத்தையும் சேர்த்தே அடக்கி வைத்திருந்தது. கடைக்கோடிக் குழாய்க்குப் போதிய சோடியம் வந்து சேர்ந்தால் பொட்டாசியமும் ஓரளவு வெளியேறும்.

இதோடு கார்ட்டிசாலும் இல்லை. புது இடம், ஊசி, பயம் என்று எந்த நெருக்கடி வந்தாலும் தாங்க வேண்டிய ஹார்மோன் அது.

தடுத்திருக்க முடியுமா

எனக்கு இந்த நிகழ்வில் அதிகம் உறுத்துவது காலம்தான். அட்ரினல் அழிவால் வரும் நோயைத் தாமஸ் அடிசன் லண்டனில் 1855-இலேயே விவரித்துவிட்டார். அந்த நோயில் சோடியம் இழப்பு இருக்கிறது, உப்பு கொடுத்தால் நோயாளி தேறுகிறார் என்று நியூயார்க்கில் ராபர்ட் லோப் 1930-களின் தொடக்கத்தில் காட்டிவிட்டார். உப்பைக் காக்கும் ஒரு செயற்கை ஹார்மோன் 1937-இல் செய்யப்பட்டாயிற்று. ரிக்டரின் எலிச் சோதனை அதே வளாகத்திலேயே நடந்திருந்தது. தேவையான அறிவு துண்டு துண்டாக எல்லா இடத்திலும் இருந்தது. சீக்கிரம் பருவமடைந்த குழந்தைக்கு அட்ரினல் குறைபாடும் இருக்கலாம் என்ற ஒரே இணைப்புதான் அந்த வார்டில் விடுபட்டுப்போனது. ஆண் ஹார்மோன் மிகுந்திருக்கும் சுரப்பியைப் பார்த்தால் அது கூடுதலாக வேலை செய்கிறது என்றுதான் தோன்றும். ஒரே சுரப்பியில் ஒன்று மிகுந்து மற்றது இல்லாமல் போகும் என்று அன்று எதிர்பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை. அதனால் அந்த மருத்துவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் அதை மூடி மறைக்காமல் பெற்றோரின் கடிதத்தோடு அச்சில் போட்டார்கள்.

வில்கின்ஸ் அதோடு விடவும் இல்லை. இந்த நோய்க்கு, உடலில் கார்ட்டிசாலாக மாறுகிற கார்ட்டிசோன் கொடுத்தால் பலன் இருக்கிறது என்று 1950-இல் அறிவித்தவர்களில் அவர் ஒருவர். கார்ட்டிசோன் வெளியிலிருந்து வந்ததும் பிட்யூட்டரி அடங்குகிறது, ஏ.சி.டி.எச். இறங்குகிறது, ஆண் ஹார்மோன் பெருக்கும் தணிகிறது. சில ஆண்டுகளில் ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் மாத்திரை வந்து ஆல்டோஸ்டீரோனின் இடத்தையும் நிரப்பியது.

எதிர்ப்பக்கத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 1954-இல் மிச்சிகனில் ஜெரோம் கான் என்ற மருத்துவரிடம் 34 வயதுப் பெண் ஒருவர் வந்தார். இரத்த அழுத்தம் அதிகம், பொட்டாசியம் குறைவு, தசைகளில் பலவீனமும் பிடிப்பும். சிறுவனுக்கு நேர்மாறு. கான் போர்க்காலத்தில் வெப்பத்துக்கு உடல் பழகுவதை ஆராய்ந்தவர். வெயிலில் சில நாள் உழைத்த பிறகு வியர்வையில் உப்பு குறைவது அட்ரினலின் வேலை என்று கண்டிருந்தார். இந்தப் பெண்ணின் வியர்வையில் சோடியம் மிகக் குறைவாக இருந்ததைப் பார்த்து, ஆல்டோஸ்டீரோன் மிகுதி என்று ஊகித்தார். அட்ரினல் கட்டியை அகற்றியதும் அவர் குணமானார்.

இன்றைக்கு நம் ஊரில்

அந்தச் சிறுவனுக்கு இருந்ததாகக் கருதப்படும் பிறவி அட்ரினல் நோய் உலக அளவில் சுமார் 15,000 பிறப்புக்கு ஒன்று என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல நகரங்களில் பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதித்தபோது 5,762-க்கு ஒன்று என்று வந்தது. அந்த மையங்களில் சென்னையின் விகிதம் சராசரியைவிட நன்றாகவே கூடுதல். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும் என்பதால் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் வாய்ப்பு அதிகம்.

பெண் குழந்தை என்றால் பிறக்கும்போதே பிறப்புறுப்பின் மாற்றத்தை வைத்துச் சந்தேகம் வரும். ஆண் குழந்தை வெளியே இயல்பாகவே இருக்கும், வீட்டுக்கும் போய்விடும். இரண்டாவது மூன்றாவது வாரத்தில் பால் குடிக்காமல், வாந்தி எடுத்து, எடை இறங்கி, துவண்டு வரும். பார்ப்பவர்களுக்கு வயிற்றுப்போக்கு, கிருமித்தொற்று என்றே தோன்றும். இந்த வயதில் துவண்டு வரும் குழந்தைக்குச் சோடியமும் பொட்டாசியமும் பார்ப்பது சாதாரண இரத்தப் பரிசோதனைதான். சோடியம் குறைந்து பொட்டாசியம் ஏறியிருந்தால் அட்ரினலை நினைக்க வேண்டும். பிறந்த சில நாளில் குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு இரத்தத்திலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். பல நாடுகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் அதைச் செய்கிறார்கள். இந்தியாவில் அது இன்னும் எல்லாக் குழந்தைகளுக்கும் போய்ச் சேரவில்லை. சேர வேண்டும்.

கண்டுபிடித்துவிட்டால் மருந்து எளிது. கார்ட்டிசாலுக்குப் பதிலாக ஹைட்ரோகார்ட்டிசோன், ஆல்டோஸ்டீரோனுக்குப் பதிலாக ஃப்ளூட்ரோகார்ட்டிசோன், முதல் ஆண்டில் பாலில் உப்பு குறைவு என்பதால் தனியாக நாளுக்கு ஒன்று இரண்டு கிராம் உப்பு. வளர்ந்த நோயாளி பரிசோதனைக்கு வரும்போது உப்பின்மேல் ஆசை அதிகமாக இருக்கிறதா என்று மருத்துவர் கேட்பார். இருந்தால் ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் அளவு போதவில்லையோ என்று ரெனினை அளந்து பார்ப்பார்கள்.

பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டியது நோய் நாட்களைப் பற்றி. இயல்பான உடல் காய்ச்சல் வந்ததும் கார்ட்டிசாலைத் தானே கூட்டிக்கொள்ளும். இந்தக் குழந்தையின் உடல் கூட்டாது. அதனால் காய்ச்சல் நாட்களில் ஹைட்ரோகார்ட்டிசோன் அளவை மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவைத்தபடி இரண்டு மூன்று மடங்காக்க வேண்டும். வாந்தியில் மாத்திரை நிற்கவில்லை என்றால் வீட்டில் வைத்திருக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, காத்திராமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். நோயின் பெயரும் மருந்தின் அளவும் எழுதிய சீட்டு குழந்தையின் பள்ளிப் பையிலும் இருக்கட்டும். வேறு எந்தக் காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்த்தாலும் அந்தச் சீட்டை முதல் ஆளாகப் பார்க்கிற நர்ஸிடமே கொடுத்துவிடுங்கள்.